ஏழுமலையின் இரண்டு பாதிகள்

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக உங்கள் பத்திரிகையாளர் சங்க மலரில் ஏதாவது எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டபோது இரண்டு முறை மறுத்துவிட்டேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. மற்றவர்கள் அதை ஓய்வு என்கிறார்கள், நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மந்திரியின் கார்களுக்குப் பின்னால் மொபெட்டில் துரத்திக்கொண்டு போன கதைகள் என்னிடமும் உண்டு. அவற்றை வேறு யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்லியாக வேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் என் மகள் ஷீபா அமெரிக்காவிலிருந்து ஃபோன் செய்தாள். அங்கே பத்திரிகைப் படிப்பு முடித்து, ஒரு நகரத்துச் செய்தித்தாளில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அப்பா, இங்க சிட்டிக்காரங்க ஒரு கட்சி, கிராமத்துக்காரங்க ஒரு கட்சி. நடுவுல ஒரு மணி நேர கார் பயணம்தான். ஆனா இவங்க பேசறது அவங்களுக்குப் புரியல, அவங்க பேசறது இவங்களுக்குப் புரியல. நேத்து ஒரு பண்ணைக்காரரப் பார்த்தேன். ரெண்டு மணி நேரம் பேசினாரு. எல்லாம் கலந்து கலந்து சொல்றாரு, எந்தக் கட்சின்னே தெரியல. நம்ம வாசகருக்கு எது வேணுமோ அத மட்டும் எடுத்துக்கோன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்களும் அப்படித்தானேப்பா எடுப்பீங்க?"

லைன் சரியில்லையம்மா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அன்று கோயிலில் பிரசங்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. மறுநாள் உங்கள் சங்கத்துக்கு ஃபோன் செய்து எழுதித் தருகிறேன் என்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் ஆம்பூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். செய்தியையும் ஃபிலிம் ரோலையும் ஒரு கவரில் போட்டு மாலை வேலூர் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அவசரம் என்றால் ஃபோன். எங்கள் பதிப்பில் உள்பக்கம் ஒன்று இரண்டு விதமாக அச்சாகும். முதலில் வட்டாரப் பக்கம். அந்தக் கட்டுகள் கிராமங்களுக்குப் போகும் முதல் பஸ்களில் ஏறும். பிறகு அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி நகரப் பக்கம் அடிப்பார்கள், அது டவுனுக்கு. கிராமத்துக்காரர் டவுன் பக்கத்தைப் பார்க்க மாட்டார். டவுன்காரர் கிராமத்துப் பக்கத்தைப் பார்க்க மாட்டார். நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அது சட்டமன்றத் தேர்தல் நேரம். பாலாற்றின் இந்தக் கரையில் டவுன், தோல் பதனிடும் ஷாப்புகள், ஷூ கம்பெனிகள். அக்கரையில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே கிணறுகள் கெட்டுப்போய் வருடங்கள் ஆகியிருந்தன. தேங்காய் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியிருந்தது. குடிக்க டேங்கர் தண்ணீர். ஷாப்புகளை மூடும் வரை ஓட்டுப் போடுவதில்லை என்று அந்த ஊர் கூடி முடிவெடுத்துக் கறுப்புக் கொடி கட்டியிருந்தது. டவுனில் அதே வாரம் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, ஒரு ஷாப்பை மூடினாலும் தெருவுக்கு வருவோம் என்றார்கள். வேட்பாளர் ஒருவர் காலையில் அக்கரையில் நின்று "ஒரு சொட்டுக் கழிவு ஆத்துல விழாது" என்றார். மாலையில் இக்கரையில் நின்று "ஒரு பூட்டு இந்த ஊர்ல விழாது" என்றார். இரண்டு கூட்டத்துக்கும் போயிருந்த நாங்கள் நாலைந்து நிருபர்கள் டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இவருக்கு ஓட்டு போடறதுன்னா ரெண்டு விரல்ல மை வைக்கணும்யா" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

எனக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி இருந்தது. ஆற்றில் நுரை மிதப்பதை எழுதியதற்காக டவுனில் எங்கள் பேப்பரை விற்கும் ஏஜெண்ட் என் மேல் கோபமாக இருந்தார். ஷாப்பு முதலாளிகளின் நன்கொடை விழாவை எழுதியதற்காக அக்கரையில் எங்கள் பேப்பர் கட்டையே ஒரு நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகரப் பக்கத்துக்கு நகரத்துக் குரல் வேண்டும், வட்டாரப் பக்கத்துக்கு வட்டாரக் குரல் வேண்டும் என்று வேலூர் அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். இரண்டு ஆளைத் தேடித்தான் அன்று கிளம்பினேன், முதலில் அக்கரைக்கு. இரண்டுக்கும் ஒருவரே கிடைத்தார்.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, பன்னிரண்டு தென்னை. நிலம் கைவிட்ட பிறகு நான்கு வருடமாக டவுனில் ஒரு தோல் ஷாப்பில், தோல் ஊறும் பெரிய மர உருளையை ஓட்டும் வேலை. அவருடைய கிணற்றைக் கெடுத்த கழிவு அந்த ஷாப்பின் வாய்க்காலிலிருந்தும் வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிணற்றடியில் வாளியை இறக்கி இழுத்து என் முன்னால் வைத்தார்.

"மோந்து பாருங்க சார். வெள்ள வேட்டிய இதுல நனச்சா மஞ்சளா வரும். கல்யாண வீட்டுக்குத் தனியா மஞ்சள் வாங்க வாணாம், எங்க ஊர்ல ஜாஸ்தி சௌகரியம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கஸ்தூரி குரல் கொடுத்தார். "பேப்பர்காரர்கிட்ட போய் வாயக் குடுக்கறியா? இந்த ஆளு ஆரம்பிச்சா ரெண்டு பஸ்ஸு போய்டும் சார். நீங்க கெளம்புங்க."

"இரு கஸ்தூரி. கேக்கறதுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு, பேசிட்டுப் போறேன்."

பேசினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கிணற்று மேட்டில் லுங்கியுடன் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். அவருக்கு மதிய ஷிஃப்ட். என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து ஷாப்பு வாசலில் இறக்கிவிட்டேன். அங்கே சாப்பாட்டு டப்பாவும் காக்கிச் சட்டையுமாக இன்னொரு படம்.

மறுநாள் மாலை வேலூரிலிருந்து ஃபோன் வந்தது. பேசியவர் எங்கள் பக்கத்தை அமைக்கும் மூத்த உதவியாசிரியர். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். புகழ்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் செய்தியில் தேவையில்லாத வரி இருந்தால், அதை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நான் ஒழுங்காக எழுதக் கற்றேன்.

"ஏன்யா, வட்டாரப் பக்கத்துல 'எங்கள் கிணற்றைக் கொன்றுவிட்டார்கள், விவசாயி குமுறல்'னு குடுத்திருக்க. நகரப் பக்கத்துல 'ஷாப்பை மூடினால் என் பிள்ளைகள் பட்டினி, தொழிலாளி கண்ணீர்'னு குடுத்திருக்க. ரெண்டு ஃபோட்டோவுலயும் ஒரே ஆளு மாதிரி இருக்கே?"

"ஒரே ஆளுதான் சார். ரெண்டும் அவரே சொன்னதுதான். ஒரு வார்த்தகூட நான் சேக்கல."

"அப்ப ஒரே செய்தியா ரெண்டு பக்கத்துலயும் போட்டா இன்னா?"

இந்த இடத்தைத்தான் நான் பத்து வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். பக்கம் முடிய இன்னும் சில நிமிடங்கள். முழுதாகப் போட்டால் டவுன் ஏஜெண்டுக்கும் கோபம் வரும், கிராமத்து ஏஜெண்டுக்கும் கோபம் வரும். பாதியாகப் போட்டால் இரண்டு பேருக்கும் சந்தோஷம். நான் சொன்னேன்:

"பரவால்ல சார். இவங்க பக்கம் அவங்களுக்குப் போகாது, அவங்க பக்கம் இவங்களுக்கு வராது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபோனை வைத்துவிட்டார்.

நான் கண்ணால் பார்த்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. அக்கரை ஊரிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கம்பெனி வேன் கிளம்பும். பெண்கள் ஷூ தைக்க வருவார்கள். ஆண்கள் சைக்கிளில் ஷாப்புகளுக்கு வருவார்கள். டவுனுக்குப் பால் அக்கரையிலிருந்து வந்தது. மேடைகளில்தான் அவை இரண்டு ஊர்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு ஊரும் ஒரே வேனில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஏழுமலையின் பக்கத்து வீட்டுப் பெண் செல்வி அந்த வேனில் வருபவள். பதினொரு மணி டீக்கு வெளியே வந்தவள் கடையில் நகரப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். "ஐயே, எங்க ஏழுமல மாமா பேப்பர்ல!" என்று கத்தி, கூட இருந்தவர்களுக்கெல்லாம் காட்டி, கடைக்காரரைக் கெஞ்சி அந்தத் தாளை வாங்கி, கசங்காமல் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவருக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாளாம். அந்த ஊரின் டீக்கடைச் சுவரில் காலையிலேயே வட்டாரப் பக்கத்தைப் பெருமையோடு ஒட்டி வைத்திருந்தார்கள். சாயந்திரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன.

அன்றைக்கே பால்காரர் ஒருவர் வழியாக வட்டாரப் பக்கம் ஷாப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு ஏஜெண்டுகளும் பாராட்டிய சந்தோஷத்தில் நான் இருந்தேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஷீபாவுக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. அவள்தான் கதவைத் திறந்தாள். வந்தவர் தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளர் கொடுத்தாள், குடித்தார். இன்னொன்று கேட்டார். நான் வெளியே வந்தபோது அவர் நான்காவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையில் இருந்த பிளாஸ்டிக் கேனை ஷீபாவிடம் நீட்டினார். "இதயும் ரொப்பித் தர்றியா கண்ணு?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "டேங்கர்ல எங்க கொடத்த வைக்க விடல சார். வச்சா ஒதச்சுத் தள்றாங்க. 'கம்பெனிக்காரன் ஆளு, போய்க் கம்பெனில தண்ணி புடிச்சுக்கோ'ன்றாங்க. ஷாப்புல, நாளைலந்து வராதன்னு சொல்லிட்டாங்க. பசங்க ரெண்டும் நேத்து கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு வாந்தி எடுக்குதுங்க. அந்த மனுசன் உங்ககிட்ட இன்னா சார் கெடுதல் பண்ணாரு?"

நோட்டை எடுத்துக்கொண்டு கஸ்தூரியைப் பின்னால் உட்காரவைத்து நேராக அக்கரைக்குப் போனேன். டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர். சுவரில் இரண்டு ஏழுமலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன், அவர் மேல் தப்பில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னார், பிரித்துப் போட்டது நான். நோட்டைத் திறந்து முழுவதையும் வாசித்தேன்.

செல்வியின் அம்மா கேட்டார். "அப்ப எங்களுக்கு ஏன் சார் பாதி குடுத்தீங்க? முழுசா குடுத்தா எங்களுக்குப் புரியாதா?"

கறுப்புக் கொடி கட்டிய இளைஞர்களில் ஒருவன் சிரித்தான். "காலைல விவசாயி, மத்தியானம் தொழிலாளி. ராத்திரிக்கு இன்னா வேஷமாம்?"

"டேய், அவரு ரெண்டும்தானடா" என்றார் ஒரு பெரியவர். "நீ மட்டும் எங்க வேல செய்யற? ஷூ கம்பெனிலதான?"

"நான் கம்பெனிக்காகப் பேப்பர்ல அழலயே. ரெண்டும் சொன்னாருன்னா அவரு எந்த ஊரு ஆளு? அத சொல்லச் சொல்லு, கொடத்த வைக்கட்டும்."

பெரியவர் எழுந்து போய்விட்டார். அங்கிருந்து ஷாப்புக்குப் போனேன். சூப்பர்வைசர் மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் அதே நோட்டை மறுபடி வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கெணறு கெட்டுச்சின்னு மட்டும் சொல்லியிருந்தா வயித்தெரிச்சல்னு வுட்ருப்போம் சார். ரெண்டும் சொல்றவன எப்படி உள்ள வச்சுக்கறது? நாளைக்கு இன்னா சொல்வான்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு இடத்திலும் ஒரே பதில். தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள். முதல் நாளே முழுதாக வந்திருந்தால் அதைப் படித்து நாலு பேர் தலையாட்டியிருப்பார்கள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். செல்வியின் அம்மா தலையாட்டியிருப்பார், அந்தப் பெரியவர் தலையாட்டியிருப்பார். பாதிகளைப் பார்த்துக் கோபப்பட்ட பிறகு முழுதைக் கேட்கிற காது யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

அலுவலகத்துக்கு ஃபோன் செய்து திருத்தம் போடச் சொன்னேன். என்ன திருத்துவது என்று கேட்டார்கள். அச்சான எதுவும் தப்பில்லையே, தேர்தல் முடியட்டும் என்றார்கள். மூத்த உதவியாசிரியரிடம் கொடுக்கச் சொன்னேன். "நான் கேட்டேன் இல்ல?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேட்டுட்டு நானும் வுட்டுட்டேன்யா" என்றார். அன்றுதான் அவர் குரல் உடைந்து நான் கேட்டது.

ஏழுமலையை மறுநாள் பார்த்தேன். அதே கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க பொய் எழுதல சார். அதான் பேஜாரு. பொய்யா இருந்தா இல்லன்னு சொல்லிட்டுப் போய்டுவேன். ரெண்டும் நான் சொன்னதாச்சே. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"நான் இன்னா பண்ணட்டும் ஏழுமல?"

"இன்னா பண்ண முடியும்? கொஞ்சம் தண்ணி கொண்டாந்தா குடுத்துட்டுப் போங்க."

ஒரு வாரம் கேனில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டாம் நாள் வீடு பூட்டியிருந்தது. ஜோலார்பேட்டை போய் பெங்களூர் ரயில் ஏறிவிட்டார்கள், கட்டட வேலைக்கு, என்று செல்வி சொன்னாள். நான் முகத்தைப் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டாள். அந்தத் தாளைக் கொண்டுவந்தது தான்தானே என்று அவள் அழுதுகொண்டிருந்தாள். உன் மேல் தப்பில்லையம்மா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பெங்களூரில் இரண்டு முறை தேடினேன். அங்கே ஏழுமலை என்ற பெயரில் எத்தனையோ பேர் செங்கல் சுமக்கிறார்கள். எனக்கு வேண்டியவர் கிடைக்கவில்லை.

தேர்தல் முடிந்தது. அக்கரை ஊர் ஓட்டுப் போடவில்லை. அதனால் ஜெயித்தவருக்கு அந்த ஊரை நினைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அடுத்த ஒரு மறியலில் யாரோ வேன் கண்ணாடியில் கல்லை விட்டார்கள். கம்பெனி அந்த ஊருக்கு வேன் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஷாப்புகளில் அந்த ஊர் ஆட்களைச் சேர்ப்பது குறைந்து, பிறகு நின்றது. பால்காரர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். இவர்கள் பக்கம் அவர்களுக்குப் போகாது, அவர்கள் பக்கம் இவர்களுக்கு வராது என்று நான் ஃபோனில் சொன்னபோது அது உண்மை இல்லை. ஒரு வருடத்துக்குள் உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ஆறு ஒரு நாட்டு எல்லை மாதிரிதான் இருக்கிறது. ஆற்றில் இன்றும் அதே நுரை.

நான் ஒருவன் இதையெல்லாம் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். ஆனால் இரண்டு ஊரிலும் நின்று பேசக்கூடியவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர் இருந்தார். அவரை நான் வெட்டினேன்.

ஷீபாவுக்கு மறுபடி ஃபோன் செய்து இதையெல்லாம் சொல்ல முயன்றேன். கேன் ரொப்பித் தந்தாயே, அந்த ஆன்ட்டி ஞாபகம் இருக்கிறாரா என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். "நான் பார்த்துக்கறேன்பா, நீங்க வீணா பயப்படாதீங்க" என்றாள். அந்தப் பண்ணைக்காரரின் செய்தி அதற்குள் அச்சாகிவிட்டது. அவர் சொன்னதில் எவ்வளவு போட்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குச் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழுமலை கிணற்று மேட்டில் சொன்னதை முழுதாகக் கீழே தருகிறேன். ஒரே பக்கத்தில், வெட்டாமல், அது அச்சாவது இதுதான் முதல் முறை. படிக்க வேண்டியவர்கள் யாரும் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"இந்தக் கெணத்தக் கொன்னது அந்த ஷாப்புதான் சார். எங்கப்பா வெட்டின கெணறு, செத்த மாட்டப் பாக்கற மாதிரி இருக்குது. ஆனா இன்னிக்கு என் பசங்க துன்றது அந்த ஷாப்புச் சோறுதான். மூடினா பட்டினி கெடப்போம், மூடலன்னா இந்தத் தண்ணியக் குடிச்சு சாவோம். எங்க ஊரு ஜனம் சொல்றதும் சரி, டவுன்காரங்க சொல்றதும் சரி. ரெண்டு பேரையும் ஒரு எடத்துல ஒக்கார வச்சு, ஷாப்பும் இருக்கணும் தண்ணியும் இருக்கணும், இன்னா பண்லாம்னு யாராச்சும் கேட்டீங்களா? யாரும் கேக்கல. நீங்க எழுதுங்க. ரெண்டையும் போடுவீங்க இல்ல சார்?"

போடுகிறேன் என்றுதான் சொன்னேன்.